ராஸ்பெர்ரி பையில் கார் ஸ்டீரியோ: பேட்டரியிலிருந்து பாட்டு வரை

கார் ஸ்டீரியோவை நாமே செய்யும்போது பாட்டு கேட்க வைப்பது சின்ன வேலை. ஒரு மாலைப்பொழுது போதும். மீதி நாட்கள் எல்லாம் மின்சாரத்தோடுதான் போகும். என் முதல் முயற்சியில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையை செல்போன் சார்ஜரில் செருகிவிட்டு, எந்த ஆம்பிளிஃபயர், எந்த ஸ்பீக்கர் என்று அலசிக்கொண்டிருந்தேன். கடைசியில் பாட்டு விக்கியது, இரண்டு முறை மெமரி கார்டு கெட்டது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் விசில் கேட்டது. மூன்றுக்கும் காரணம் மின்சாரம்தான். அதனால் இந்த வழிகாட்டியில் அதற்குத்தான் அதிக இடம்.

நான் செய்ததும் பரிந்துரைப்பதும் இதுதான்: ராஸ்பெர்ரி பை 4, அதில் ஒரு டிஏசி பலகை (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான ஒலி சிக்னலாக மாற்றுவது), தனி ஆம்பிளிஃபயர், சத்தத்துக்கும் பாட்டு மாற்றுவதற்கும் ஒரு திருகு, அதாவது விரலால் சுழற்றும் குமிழ். பை 3 வைத்திருந்தாலும் இதே வழிதான். பை 5க்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் வரை தரும் சப்ளை வேண்டும். பாட்டு கேட்க அவ்வளவு தேவையில்லை.

தொடங்கும் முன் காரைப் பாருங்கள்

பழைய ஸ்டீரியோ வெறும் ஸ்டீரியோதானா? புதிய கார்கள் பலவற்றில் ஏசி அமைப்பு, ரிவர்ஸ் கேமரா, கதவு எச்சரிக்கை ஒலி எல்லாம் அந்தத் திரைக்குள்ளேயே இருக்கும். அப்படியானால் அதைக் கழற்ற வேண்டாம். ஆக்ஸ் இன்புட் இருந்தால் பையை அதில் இணைத்துக்கொண்டால் போதும், ஆம்ப் வேலையும் மிச்சம்.

தனி ஸ்டீரியோ என்றால் அது உட்கார்ந்திருக்கும் குழியை அளந்து பாருங்கள். கார் ஸ்டீரியோ அளவுகளில் ஒற்றை டின் என்பது சுமார் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். இரட்டை டின் என்றால் உயரம் 100 மி.மீ. ராஸ்பெர்ரி பையின் முதல் 7 அங்குலத் தொடுதிரையின் வெளியளவு 194 மி.மீ. × 110 மி.மீ. அதாவது இரட்டை டின் குழிக்குள்ளும் அது நேராகப் போகாது. வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் நிறைய.

திரை வேண்டுமா என்பதையே ஒருமுறை யோசியுங்கள். வண்டி ஓடும்போது கண் சாலையில் இருக்க வேண்டும். திருகை விரல் தானாகவே கண்டுபிடித்துவிடும், கண்ணாடித் திரையில் பட்டனைக் கண்தான் தேட வேண்டும். நான் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, திருகோடு நின்றுவிட்டேன்.

வேலையைத் தொடங்கும்போது முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். சில பழைய ஸ்டீரியோக்கள் மின்சாரம் போய் வந்தால் ரகசிய எண் கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட வயர்களும் மஞ்சள் கனெக்டர்களும் தென்பட்டால் அவை பெரும்பாலும் ஏர்பேக்குக்கானவை. அவற்றைத் தொடவே வேண்டாம், மல்டிமீட்டரும் வைக்க வேண்டாம்.

வயர்களை அடையாளம் காண்பது

கடையில் வாங்கிப் பொருத்தும் ஸ்டீரியோக்களின் வயர்களுக்குப் பொதுவான நிற வழக்கம் ஒன்று உண்டு. மஞ்சள் என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். சிவப்பு என்றால் சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட். கறுப்பு கிரவுண்ட், அதாவது கார் உடம்போடு சேரும் மைனஸ். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்பை எழுப்பும் ரிமோட் வயர். ஸ்பீக்கர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. இவற்றில் கறுப்புக் கோடு ஓடினால் அது அந்த ஸ்பீக்கரின் மைனஸ்.

கார் கம்பெனி போட்ட வயர்கள் இந்த வழக்கப்படி இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஐஎஸ்ஓ கனெக்டர் (பொதுத் தர ஸ்டீரியோ பிளக்) இருந்தால் மின்சாரப் பகுதியில் 4ஆம் பின் நிரந்தர 12 வோல்ட், 7 சாவி வழி வருவது, 8 கிரவுண்ட். ஆனால் 4ஐயும் 7ஐயும் மாற்றிப் போட்ட கார்களும் உண்டு. பேட்டரியைத் திரும்ப இணைத்து, சாவி அணைந்த நிலையிலும் திருப்பிய நிலையிலும் மல்டிமீட்டரால் அளந்து, ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எழுதிவையுங்கள். பிறகு மறுபடி மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று: எந்த ஸ்பீக்கரின் மைனஸையும் கார் உடம்போடு சேர்க்கக் கூடாது. கார் ஆம்ப்களில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளும் தனித்தனியாக ஆம்ப்பால் இயக்கப்படுகின்றன. ஒன்றைக் கிரவுண்டில் தொட்டால் ஆம்ப் போய்விடும்.

காரின் 12 வோல்ட் உண்மையில் எப்படி இருக்கும்

முழுதும் சார்ஜ் ஆன பேட்டரி, இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடினால் 13.8 முதல் 14.4 வரை. ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஒரு நொடியில் 9க்கும், குளிரிலோ பழைய பேட்டரியிலோ 6க்கும்கூட இறங்கும். எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி இணைப்பு தளர்ந்து விட்டுப்போனால், ஆல்டர்னேட்டரிலிருந்து பல பத்து வோல்ட் உயரத்துக்கு ஒரு வீச்சு வரும்.

ராஸ்பெர்ரி பைக்கு வேண்டியது 5.1 வோல்ட். 4.63க்குக் கீழே போனால் மின்னல் சின்னம் காட்டி, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, 6 முதல் 15 வரை ஆடும் ஒன்றை அசையாத 5.1 ஆக்குவதுதான் நம் வேலை.

பரவலாகக் கிடைக்கும் எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டைக் குறைத்துத் தரும் பலகை) 40 வோல்ட் வரை தாங்கும், 3 ஆம்பியர் தரும் என்று எழுதியிருக்கும். ஆனால் 5 வோல்ட் கொடுக்க அதற்கு ஏறக்குறைய 7 வோல்ட் உள்ளே வந்தாக வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது அதற்குக் கீழே போனால் பை அணைந்து, மறுபடி முதலிலிருந்து பூட் ஆகும்.

பெரிய கெபாசிட்டர் போட்டுச் சமாளிக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 12 வோல்ட்டிலிருந்து 7க்கு இறங்கும்போது தரும் ஆற்றல் 0.22 ஜூல்தான். பை 5 வாட் இழுத்தால் அது 45 மில்லிநொடிக்குத் தாங்கும். ஸ்டார்ட்டர் ஒரு நொடி சுற்றுகிறது. ஆகவே கெபாசிட்டர் உதவாது. உள்ளே வரும் வோல்ட் குறைந்தாலும் கூடினாலும் வெளியே 5ஐயே தரும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டரை வாங்குங்கள். 5 அல்லது 6 வோல்ட் முதல் 40க்கு மேல் வரை ஏற்கும், வெளியே 3 ஆம்பியரைத் தொடர்ந்து தரும் வகையாகப் பாருங்கள்.

அதன் உள்வழியில் முதலில் 5 ஆம்பியர் ஃப்யூஸ், அடுத்து மஞ்சளுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 24 வோல்ட் டிவிஎஸ் டயோட். இந்த வகை டயோட் 40 வோல்ட்டை ஒட்டி வீச்சைப் பிடித்து நிறுத்தும். 1500 வாட் வகையோ அதைவிடப் பெரியதோ போடுங்கள், சின்னது தாங்காது. கன்வெர்ட்டரின் உச்சவரம்பு இதற்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்வெர்ட்டரைப் பையோடு இணைக்கும் முன் வெறுமனே ஓடவிட்டு, அதன் சிறிய திருகை மெதுவாகத் திருப்பி 5.1 வோல்ட்டில் நிறுத்துங்கள். வாங்கி வந்தபோது அது 12இலோ 20இலோ நிற்கலாம். அப்படியே இணைத்தால் பை கணப்பொழுதில் செத்துவிடும்.

கன்வெர்ட்டரிலிருந்து பைக்குப் போகும் வயர் முடிந்த அளவு குட்டையாக, தடித்ததாக இருக்கட்டும். மெல்லிய யூஎஸ்பி கேபிளில் செம்பு 0.08 சதுர மி.மீ. அளவுதான் இருக்கும். ஒரு மீட்டர் நீளத்தில் போக 0.21 ஓம், வர 0.21 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் 0.84 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5.1 கிளம்பி 4.26 போய்ச் சேரும். எங்கள் வீட்டில் நன்றாக ஓடிய பை காரில் மின்னல் காட்டியது இதனால்தான். நான் இப்போது 0.75 சதுர மி.மீ. வயரை 20 செ.மீ. நீளத்தில் வைத்திருக்கிறேன்.

சாவியை அணைத்தால் என்ன ஆக வேண்டும்

சிவப்பு வயரிலிருந்தே பைக்கு மின்சாரம் கொடுத்தால், சாவியை அணைத்ததும் எழுதிக்கொண்டிருக்கும் மெமரி கார்டின் கழுத்தில் கத்தி விழுந்த மாதிரி. பத்து முறை ஒன்றும் ஆகாது, பதினொன்றாவது முறை கார்டு திறக்காது. மஞ்சளிலிருந்து எப்போதும் கொடுத்தால் பேட்டரி காலி. 100 மில்லிஆம்பியர் கசிவு என்றால் நாளுக்கு 2.4 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒன்பதே நாளில் பாதி போய்விடும்.

நடுவழி இது. மஞ்சள் வயருக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் ஒரு டைமர் ரிலே, அதாவது நேரம் வைத்து மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். சாவி திருப்பியதும் உடனே சேர்ந்து, அணைத்த பிறகு 60 நொடி கழித்துப் பிரியும் வகை அது. சிவப்பு வயர் இந்த ரிலேயைத் தூண்ட மட்டும். அந்த 60 நொடிக்குள் பை தானாக ஒழுங்காக அணைந்துவிட வேண்டும்.

சாவி அணைந்ததை பைக்கு எப்படிச் சொல்வது? பையின் பின்களுக்கு 3.3 வோல்ட்டுக்கு மேல் ஆகாது, 12 வோல்ட் பட்டால் முடிந்தது. அதனால் பிசி817 ஆப்டோகப்ளர். வயர் தொடர்பில்லாமல், உள்விளக்கின் ஒளி வழியே மட்டும் மறுபக்கத்துக்குச் செய்தி சொல்லும் சிப் அது. சிவப்பு வயரிலிருந்து 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக அதன் உள்விளக்கின் ப்ளஸுக்கு, விளக்கின் மைனஸ் கிரவுண்டுக்கு. 14.4 வோல்ட்டில் 6 மில்லிஆம்பியர் ஓடும், அது போதும். விளக்குக்கு எதிர்த்திசையில் ஒரு 1என்4148 டயோடையும் போட்டுவிடுங்கள், தலைகீழ் வீச்சுகளுக்காக. மறுபக்கம் கலெக்டரைப் பையின் 5ஆம் பின்னுக்கும், அதாவது நிரலில் ஜிபிஐஓ 3 என்று எண்ணிடப்படுவதற்கும், எமிட்டரை 6ஆம் பின்னான கிரவுண்டுக்கும் இணையுங்கள்.

ஏன் குறிப்பாக 5ஆம் பின்? அதில் 3.3 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர் பலகையிலேயே இருக்கிறது. அதைவிட முக்கியம், பை 3, பை 4இல் அணைந்து கிடக்கும் பையை எழுப்பும் பின்னும் அதுதான். கிரவுண்டில் தொட்டால் விழித்துக்கொள்ளும். நீங்கள் வண்டியை அணைத்து, பை அணைந்து, ரிலே பிரியும் முன்பே மறுபடி சாவியைத் திருப்பினால், மின்சாரம் போகாமலே இருப்பதால் பை தூங்கியபடியே கிடக்கும். இந்தப் பின்னில் இணைத்திருந்தால் சாவி திரும்பியதும் அது எழும். இதற்காக நான் முதலில் தனிச் சுற்று ஒன்று கட்டி, பிறகு தூக்கிப் போட்டேன்.

அப்புறம் ஒரு சின்ன பைத்தான் நிரல். நொடிக்கு ஒருமுறை அந்தப் பின்னைப் பார்க்கட்டும். சாவி இருந்தால் பின் தாழ்நிலை, இல்லாவிட்டால் உயர்நிலை. தொடர்ந்து 10 நொடி உயர்நிலையில் இருந்தால் முதலில் ஆம்ப்பை அணைத்து, பிறகு ஷட்டௌன் கட்டளை கொடுக்கட்டும். 10 நொடி காத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பல கார்களில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது சிவப்பு வயரின் மின்சாரம் சிறிது நேரம் துண்டிக்கப்படும். உடனே அணைக்கச் சொன்னால் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஸ்டீரியோ அணையும்.

ஒலி

பை 4இல் 3.5 மி.மீ. ஹெட்ஃபோன் துளை உண்டு. அதன் ஒலி பேச்சுக்குப் பரவாயில்லை, பாட்டுக்குப் பற்றாது. இரைச்சல் கேட்கும். பிசிஎம்5102ஏ சிப் உள்ள டிஏசி பலகை ஒன்று போதும். 2.1 வோல்ட் வரை சுத்தமான லைன் அவுட் தரும், ஆம்ப்புக்கு அது தாராளம். அதில் பிசிகே என்று எழுதிய பின் பையின் 12ஆம் பின்னுக்கும், எல்சிகே 35க்கும், டின் 40க்கும் போகும். எஸ்சிகே என்று ஒரு பின் இருக்கும், அதைக் கிரவுண்டுடன் சேர்த்துவிடுங்கள். சும்மா விட்டால் சில பலகைகளில் ஒலியே வராது, சிலவற்றில் கரகரக்கும். மென்பொருள் பக்கம், பூட் பகுதியிலுள்ள கான்ஃபிக் கோப்பில் ஹைஃபைபெர்ரி-டேக் ஓவர்லேயை (டிஏசியைப் பைக்கு அடையாளம் காட்டும் அமைப்பு) சேர்த்து, பையின் சொந்த ஆடியோவை அணைத்தால் முடிந்தது.

ஆம்ப் வாங்கும்போது பெட்டியில் எழுதிய வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். "50 வாட் × 4" எங்கிருந்து வருகிறது தெரியுமா? 14.4ஐ 14.4ஆல் பெருக்கி ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.8. அதாவது ஒலி முழுதும் சதுர அலையாக உடைந்து, இழப்பே இல்லாமல் வந்தால் கிடைக்கும் வாட். உடையாத ஒலியில் கணக்கு இதில் பாதி, 26 வாட். சிப்புக்குள் இழப்பு போக 20ஐ ஒட்டி வரும். மூடிய காருக்குள் ஸ்பீக்கருக்கு 20 வாட் என்பது நிஜமாகவே போதும். டிடிஏ7388 போன்ற சிப் உள்ள நான்கு சேனல் பலகையோ, ரிமோட் முனை உள்ள சிறிய ஆம்ப்போ வாங்குங்கள். பலகை என்றால் சிப்பின் முதுகை நல்ல அலுமினியத் தகட்டோடு இறுக்க வேண்டும்.

ஆம்ப்புக்குப் பேட்டரியிலிருந்து தனி வயர், 2.5 சதுர மி.மீ., பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் ஆம்ப்பைக் காப்பாற்றுவதற்கல்ல, வழியில் எங்காவது வயர் உரசி கார் உடம்பில் பட்டால் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு. அதனால்தான் அது பேட்டரி முனையிலேயே இருக்க வேண்டும்.

ஆம்ப்பின் ரிமோட் முனையை ஜிபிஐஓ 23இலிருந்து ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சின்ன ரிலே வழியாக இயக்குங்கள். பை முழுதும் பூட் ஆன பிறகு ஆம்ப் எழட்டும், அணையும்போது ஆம்ப் முதலில் போகட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் "டப்" என்று அடிக்கும்.

விசில்

இது எல்லோரையும் ஒருமுறையாவது பிடிக்கும். இன்ஜின் வேகம் கூடக்கூட ஏறும் ஒரு விசில். என் காரில் கேட்டபோது இப்படித் தேடினேன். முதலில் ஆம்ப்பிலிருந்து ஆடியோ கேபிளைப் பிடுங்கினேன், விசில் நின்றது. அப்படியானால் ஆம்ப்பின் மின்சாரத்தில் கோளாறு இல்லை. அடுத்து பேட்டரியில் ஓடும் செல்போனை அதே கேபிளில் செருகினேன், அப்போதும் விசில் இல்லை. கேபிளும் சரி. பையைத் திரும்பச் செருகினேன், விசில் வந்தது. சரி, பையின் கிரவுண்டுக்கும் ஆம்ப்பின் கிரவுண்டுக்கும் நடுவே ஏதோ ஓடுகிறது.

ஆம்ப்பைப் பின் இருக்கைக்குக் கீழே ஒரு போல்ட்டிலும், பையை டேஷ்போர்டுக்குள் வேறொரு போல்ட்டிலும் கிரவுண்ட் செய்திருந்தேன். கார் உடம்பு வழியே ஆல்டர்னேட்டரின் மின்னோட்டம் ஓடும்போது அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வேறுபாடு எழுகிறது. ஆடியோ கேபிளின் வெளியுறை இரண்டையும் சேர்ப்பதால் அந்த வேறுபாடு பாட்டோடு கலந்துவிடுகிறது. பையின் கிரவுண்ட் வயரை ஆம்ப் இருக்கும் அதே போல்ட்டுக்குக் கொண்டுபோனேன். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிய வைத்து இறுக்கினேன். விசில் முக்கால்வாசி போனது.

மீதிக்கு இரண்டு வழிகள். ஆடியோ கேபிளில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடலாம். உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள்தான், மலிவானவை தாழ்ந்த பேஸ் ஒலியைக் கொஞ்சம் தின்றுவிடும். அல்லது உள்ளும் வெளியும் கிரவுண்டே சேராத ஐசொலேட்டட் கன்வெர்ட்டரைப் பைக்குப் போடலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். அப்படிச் செய்தால் ரிமோட் ரிலேயின் காயிலைப் பையின் 5 வோல்ட்டிலிருந்தே ஓட்டுங்கள். காரின் கிரவுண்ட் வேறு எந்த வழியிலும் பைக்குள் வரக் கூடாது. சாவி வயரை ஆப்டோகப்ளர் ஏற்கெனவே பிரித்துவைத்திருக்கிறது.

மென்பொருள்

ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பைப் போடுங்கள். பென்டிரைவ் பாட்டுக்கு எம்பிடி என்ற பாட்டு நிரல், செல்போனிலிருந்து ப்ளூடூத்தில் வரும் பாட்டுக்கு ப்ளூஇசட், ப்ளூஅல்சா என்ற நிரல்கள். இரண்டும் ஒரே டிஏசியைப் பிடிக்கப் போட்டியிடும், போன் பாடத் தொடங்கினால் எம்பிடி நிற்கும்படி அதே பைத்தான் நிரலில் ஒரு வரி சேருங்கள். திருகுக்கு ரோட்டரி என்கோடர், ஜிபிஐஓ 17, 27. அழுத்தும் பட்டன் 22. டிஏசி பிடித்திருக்கும் ஜிபிஐஓ 18, 19, 21ஐ (பலகையில் 12, 35, 40ஆம் பின்கள்) தொடாமல் இருந்தால் சரி. போன் அழைப்புகளை இதன் வழியே பேசும் வேலைக்கு நான் போகவில்லை. மைக், எதிரொலி நீக்கம் என்று அது தனி உலகம்.

பூட் ஆகும் நேரத்தைக் குறைக்க, நெட்வொர்க்குக்காகக் காத்திருப்பதை நிறுத்துங்கள், தேவையில்லாத சர்வீஸ்களை அணையுங்கள்.

எல்லாம் சரியாக ஓடிய பிறகு கடைசியாக ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்பு நிரலில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்குங்கள். அதன் பின் கார்டில் எதுவும் எழுதப்படாது, மாற்றங்கள் எல்லாம் நினைவகத்தில் மட்டும் இருந்து அணைந்ததும் மறைந்துவிடும். டைமர் ரிலே என்றாவது ஏமாற்றினாலும் கார்டு பிழைக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: வீட்டிலுள்ள எல்லோருடைய போனையும் இதற்கு முன்பே ப்ளூடூத்தில் இணைத்துவிட வேண்டும். பின்னால் இணைத்தால் மறுநாள் காலை பை அந்தப் போனை மறந்திருக்கும்.

பொருத்துதல்

முதலில் எல்லாவற்றையும் மேசையில், ஒரு 12 வோல்ட் சப்ளையில் இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். சாவிக்குப் பதில் ஒரு சுவிட்ச் வைத்து அணைத்து அணைத்துப் பாருங்கள்.

பை 4க்குச் சுற்றுப்புற வெப்பம் 50 டிகிரி வரைதான் என்று அதைச் செய்பவர்களே சொல்கிறார்கள். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேற்பகுதி அதை எளிதாகத் தாண்டும். அதனால் பையைக் கண்ணாடிக்குக் கீழே வைக்காமல் கையுறைப் பெட்டிக்குப் பின்னாலோ இருக்கைக்கு அடியிலோ வையுங்கள். திருகு மட்டும் வயரோடு மேலே வரட்டும். இரும்புப் பெட்டிக்குள் போட்டு மூடினால் ப்ளூடூத் அலை வெளியே வராது, பிளாஸ்டிக் பெட்டி போதும். ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் செய்து உறையிட்டு, வயர்களைக் கட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கார் அதிர்வில் ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும்.

டேஷ்போர்டை மூடும் முன் கடைசி அளவு ஒன்று பாக்கி. சாவியை அணைத்து, ரிலே பிரியும் சத்தம் கேட்டதும், நம் பெட்டியின் 5 ஆம்பியர் ஃப்யூஸைக் கழற்றி அந்த இடத்தில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்துச் சேருங்கள். 10 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை, அது டைமரின் சொந்தச் செலவு. 100ஐத் தாண்டினால் ரிலே பிரியவில்லை, சிவப்பு வயரைத் திரும்பப் பாருங்கள். ஆம்ப்பின் ஃப்யூஸிலும் இதே அளவை எடுத்துவிட்டு, ஃப்யூஸ்களைத் திரும்பச் செருகி, டேஷ்போர்டு திருகுகளை இறுக்கலாம்.